என்எஸ்ஆர்எல் ஹாஷ் லிஸ்ட் – ரொம்ப நாள் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

விசாரணைக்காக ஒரு கம்ப்யூட்டர் டிஸ்க்கை அப்படியே காப்பி எடுத்த டிஸ்க் இமேஜைத் திறந்து பாத்தவங்களுக்கு தெரியும், சாதாரண விண்டோஸ் லேப்டாப்லயே லட்சக்கணக்குல ஃபைல் கிடக்கும், அதுல பெரும்பகுதி டிஎல்எல், ஃபான்ட், ஐகான், ஹெல்ப் பக்கம்னு சாஃப்ட்வேரோட வந்ததுதான், நாம தேடுற ஆளு கையால உருவாக்குனது எங்கயோ ஒரு ஓரத்துல இருக்கும். மத்ததை ஒதுக்கித் தள்ள நான் நம்பி இருக்கிறது அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் ஃப்ரீயா கொடுக்குற என்எஸ்ஆர்எல் லிஸ்ட், அதாவது வெளியான சாஃப்ட்வேர் ஃபைல்களோட ஹாஷ் (ஃபைலோட உள்ளடக்கத்துலேர்ந்து கணக்கிடுற, கைரேகை மாதிரியான எண்) தொகுப்பு; டிஸ்க்ல இருக்க ஃபைலோட ஹாஷ் இதோட மேட்ச் ஆனா அது தெரிஞ்ச ஃபைல்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சதே அவங்க வேலை செய்யற விதம். சாஃப்ட்வேரை ஒரிஜினலா வாங்கி, உள்ள இருக்க ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்டி5, ஷா-1, ஷா-256னு மூணு வகை ஹாஷ் எடுத்துட்டு, அந்த டப்பா, சிடி எல்லாத்தையும் அலமாரியில பத்திரமா வச்சுக்கிறாங்க. இந்த ஹாஷ் எங்க இருந்து வந்துச்சுன்னு நாளைக்கு கோர்ட்ல கேட்டா மூலத்தையே எடுத்துக் காட்டலாம். நெட்ல யாரோ தொகுத்துப் போட்ட லிஸ்ட்ல இந்த பலம் கிடையாது.

ஆனா ஒண்ணு, இது "தெரிஞ்ச" ஃபைல் லிஸ்ட், "நல்ல" ஃபைல் லிஸ்ட் இல்ல. ஹேக்கிங் டூல், படத்துக்குள்ள டேட்டாவை ஒளிக்கிற டூல் எல்லாமே உள்ள இருக்கு, ஏன்னா அதுவும் வெளியான சாஃப்ட்வேர்தானே. ஆரம்பத்துல இது புரியாம, டிஸ்க் இமேஜை அலசுற ஆட்டாப்ஸி சாஃப்ட்வேர்ல தெரிஞ்ச ஃபைல் எல்லாத்தையும் மறைச்சு வச்சுட்டு வேலை பாத்தேன், பாஸ்வேர்ட் உடைக்கிற டூல் ஒண்ணு கண்ணுலயே படல, ரெண்டு நாள் கழிச்சு ப்ரீஃபெட்ச் (எந்த ப்ரோக்ராம் ஓடுச்சுன்னு விண்டோஸ் வச்சிருக்க பதிவு) பாக்கும்போதுதான் அது ஓடியிருக்கறதே தெரிஞ்சுது. அன்னைலேர்ந்து மறைக்கறதுக்கு முன்னாடி எந்த சாஃப்ட்வேர் பேர்ல மேட்ச் ஆகியிருக்குன்னு ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுவேன். தயவுசெஞ்சு நீங்களும் பாருங்க.

அதே மாதிரி லிஸ்ட்ல இல்லைன்னா கெட்ட ஃபைல்னும் அர்த்தமில்ல. ஒரு பைட் மாறினாலே ஹாஷ் மொத்தமா மாறிடும், அதனால யூஸ் பண்ணப் பண்ண மாறுற லாக், ரெஜிஸ்ட்ரி, கான்ஃபிக் (செட்டிங்ஸ்) ஃபைல் எதுவும் மேட்ச் ஆகாது. அப்டேட்டும் மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான், போன வாரம் வந்த பேட்ச் அதுல இருக்காது.

எம்டி5 உடைஞ்சு போச்சே, இதை நம்பலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. 2004லயே எம்டி5க்கும் 2017ல ஷா-1க்கும் கொலிஷன் காட்டிட்டாங்க, உண்மைதான். ஆனா கொலிஷன்னா ரெண்டு ஃபைலையும் ஒருத்தரே செஞ்சு ஒரே ஹாஷ் வர வைக்கிறது. ஏற்கனவே இருக்க ஒரு விண்டோஸ் ஃபைலோட ஹாஷுக்குப் பொருந்துற மாதிரி புதுசா ஒண்ணு செய்யறது வேற வேலை, அது எம்டி5க்கே நடைமுறையில யாரும் செஞ்சு காட்டல. இருந்தாலும் ஷா-256 கையில இருக்கும்போது அதையே யூஸ் பண்ணுங்க.

இப்ப வர்ற வெர்ஷன் 3 எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், பழைய டெக்ஸ்ட் ஃபைலை விட தேடறதுக்கு எவ்வளவோ தேவலாம். சைஸ் ரொம்ப பெருசு, அதனால முழுசையும் இறக்காதீங்க, மினிமல் செட் போதும், அதுல ஒரே ஹாஷ் திரும்பத் திரும்ப வராது. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், பழைய சாஃப்ட்வேர்னு தனித்தனி செட்டும் இருக்கு. எப்பவாவது நாலஞ்சு ஃபைல் மட்டும் செக் பண்றவங்களுக்கு லக்ஸம்பர்க்கோட கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையமான சர்க்கிள் நடத்துற ஹாஷ்லுக்கப்னு ஒரு ஆன்லைன் சர்வீஸ் இருக்கு, அதுக்குள்ளயும் என்எஸ்ஆர்எல் டேட்டா இருக்கு, ஃப்ரீதான். ஆனா கேஸ் சம்பந்தப்பட்ட ஹாஷை வெளிய அனுப்பக் கூடாதுன்னா லோக்கல் காப்பிதான் வழி, நான் அப்படித்தான் வச்சிருக்கேன்.