மைட்டரா, டவ்டெயிலா? முதலில் வெனீர் எதன் மேல் என்று சொல்லுங்கள்

இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம், நாலு டிராயர், சுவரில் மாட்டுகிற மாதிரி. கையால் ஒரு கேபினெட் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பித்த உடனே வரும் சண்டை, மூலைகளை 45 டிகிரியில் சீவி மைட்டராகச் சேர்ப்பதா, புறா வால் போல விரிந்த பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் டவ்டெயில் போடுவதா என்பது. இரண்டு கட்சியிலும் வெறியர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இந்தக் கேள்வியே இரண்டாவதாக வர வேண்டியது. வெனீர், அதாவது அலங்காரத்துக்கு மேலே ஒட்டும் மெல்லிய மரத்தோல், எதன் மேல் ஒட்டப் போகிறீர்கள், எவ்வளவு கனத்தில் என்பது முடிவானால் மூட்டு முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் வெளிக்கூடு. பிளைவுட் மேல் வெனீர் என்றால் டவ்டெயிலை மறந்துவிடலாம். பிளைவுட்டில் உளி வைத்தால் அடுக்கு அடுக்காகப் பிய்ந்து வரும், பாதி அடுக்குகளின் ரேகை, அதாவது மரநார் ஓடும் திசை, குறுக்கே ஓடுவதால் டவ்டெயிலுக்குப் பலமும் இல்லை, பக்கவாட்டில் தெரியும் அடுக்குகளை எப்படியும் மறைக்க வேண்டியிருக்கும். மைட்டரில் அந்த அடுக்குகள் உள்ளேயே போய்விடும். வெனீரின் ரேகை பக்கப்பலகையில் ஏறி, மேல்பலகையில் திரும்பி, மறுபக்கம் இறங்குகிற அழகு வேறு எந்த மூட்டிலும் இவ்வளவு சுத்தமாக வராது. திட மரத்தில் கூடு செய்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். அங்கே மைட்டரின் இரு முகமும் ரேகையைக் குறுக்கே அறுத்த முகங்கள், பசையை ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். வெறும் பசையை நம்பினால் ஒரு நாள் கைமாறித் தூக்கும்போது விரிந்துவிடும். டவ்டெயில் பசையே இல்லாமலும் ஒரு திசை இழுப்பைத் தாங்கும். ஆகவே பிளைவுட் என்றால் மைட்டர், தேக்கோ வாகையோ முழுப் பலகையாக என்றால் டவ்டெயில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மைட்டர் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் ஒரே பக்கமாக அரை டிகிரி தப்பினால் மூன்று மூலை கச்சிதமாக மூடி, கடைசி மூலையில் 4 டிகிரி இடைவெளி வாயைப் பிளக்கும். டவ்டெயிலில் ஒரு பல் லூசாக இருந்தால் அதில் மெல்லிய சீவல் ஒன்றைச் சொருகி மறைத்துக்கொள்ளலாம், மைட்டரில் அந்தச் சலுகை இல்லை. ரம்பத்தில் வெட்டியதோடு விடாமல் இழைப்புளியும் 45 டிகிரி சாய்வுப் பலகையும் வைத்து ஒவ்வொரு முனையையும் இழைத்துச் சரிபார்ப்பவர்களுக்குத்தான் மைட்டர் வசப்படும்.

ஒட்டுவதற்குக் கிளாம்புகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். சாய்வு முகங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி ஓடும். நாலு பலகைகளையும் வெளிப்பக்கம் மேலே தெரிய வரிசையாகப் படுக்கவைத்து, கூர் முனைகள் ஒன்றோடொன்று முட்டும்படி சேர்த்து, மேலே அகலமான பேக்கிங் டேப்பை இழுத்து ஒட்டிவிடுங்கள். அப்படியே மொத்தமாகத் திருப்பிப்போட்டால் வி வடிவப் பள்ளங்கள் தெரியும். முதலில் தண்ணீர் கலந்த பசையை ஒரு பூச்சு பூசிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பிறகு கெட்டிப் பசை தடவி, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டினால் பெட்டி தானாக மூடிக்கொள்ளும். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளவு டேப் வைத்து அளந்து சமமா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

பலத்துக்கு இரண்டு வழி. ஒட்டுவதற்கு முன் சாய்வு முகத்தில் காடி எடுத்து மெல்லிய பிளைவுட் பட்டை சொருகலாம், வெளியே தெரியாது. காடி உள்மூலைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், வெளி முனைப் பக்கம் போனால் அங்கே மரமே மிச்சமிருக்காது. இல்லையென்றால் ஒட்டிக் காய்ந்த பிறகு வெளி மூலையில் குறுக்காக வாள்வெட்டு போட்டு அதில் மரச்சீவல்களை இறக்கலாம். இது தெரியும், சிலருக்கு அதுவே அலங்காரம். வெனீர் ரேகை மூலையில் திரும்பும் அழகுக்காகத்தானே இத்தனை பாடு, அதை ஏன் கீற வேண்டும் என்பதால் என் ஓட்டு மறைவான பட்டைக்கு.

பக்கங்கள் சாய்ந்த கேபினெட்டில், அதாவது மேலே போகப் போகக் குறுகுகிற வடிவத்தில், இன்னொரு சிக்கல் இருக்கிறது. பக்கப்பலகை 10 டிகிரி உள்ளே சாய்ந்தால் கீழ் மூலை 80 டிகிரி, மேல் மூலை 100. மேல் மூலைக்கு ரம்பத்தை 40 டிகிரி சாய்த்தால் போதும். கீழ் மூலைக்கு 50 டிகிரி சாய்க்க வேண்டும், பெரும்பாலான மேசை ரம்பங்கள் 45-க்கு மேல் சாயாது. பலகையைச் சாய்த்துப் பிடிக்க ஒரு சட்டம் செய்துகொள்ளலாம், அல்லது 45-இல் வெட்டி மிச்சத்தை இழைக்கலாம். டவ்டெயில் இங்கே முடியாததல்ல, பலகை முனையைச் சாய்வாகச் சீவி, சாய்வுமட்டம் (வேண்டிய கோணத்துக்குத் திருப்பி வைக்கும் மட்டம்) வைத்துக் கோடு போட்டால் வரும். நாலு பக்கமும் விரிந்த பெட்டி என்றால் மைட்டரோடு நின்றுகொள்வதே புத்திசாலித்தனம். 15 டிகிரி விரிவுக்கு ரம்பத்தின் சாய்வு 43.1 டிகிரி, பலகையைத் திருப்பிவைக்கும் கோணம் 14.5 டிகிரி என்று எழுதிவைத்துக்கொண்டால் வேலை ஓடிவிடும்.

அடுத்தது டிராயர். வெனீரின் கனம் மூட்டையே மாற்றிவிடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் பார்க்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் மெல்லிய வெனீர் அரை மில்லிக்குக் கொஞ்சம் கூடுதல் கனம்தான். நம் ஊர்க் கடைகளில் அதையே மெல்லிய பிளைவுட் மேல் ஒட்டி எட்டுக்கு நாலு ஷீட்டாக விற்கிறார்கள். அது அலமாரிக் கதவுக்குச் சரி, கையால் செய்யும் சின்ன டிராயர் முகப்புக்கு முரட்டுச் சட்டை. இன்னொரு வகை, நீங்களே பேண்ட்சாவில் (சுற்றி ஓடும் பட்டை ரம்பம்) 2 மில்லி கனத்துக்கு அறுத்துக்கொள்ளும் வெனீர். ரேகை அழகான வாகைக் கட்டை ஒன்று கிடைத்தால் போதும், வரிசையாக அறுத்து, சாக்பீஸில் எண் போட்டு வைத்துக்கொண்டு நாலு டிராயருக்கும் ஒரே ரேகை தொடரும்படி அடுக்கலாம். பேண்ட்சா வேண்டும், மரம் பாதி தூளாகப் போகும், உழைப்பும் பல மடங்கு. ஆனால் இழைத்துத் தேய்க்கக் கனம் இருக்கிறது. அரை மில்லி வெனீரில் தேய்க்கும் மெஷினான சாண்டர் இரண்டு நொடி கூடுதலாக நின்றால் கீழே இருப்பது எட்டிப்பார்த்துவிடும்.

டிராயர் முகப்பையும் பக்கப்பலகைகளையும் சேர்க்க, முன்பக்கம் பற்கள் தெரிகிற முழு டவ்டெயில் வெட்டச் சுலபம். முன்பக்கம் மறைந்திருக்கும் அரை டவ்டெயிலுக்கு உளியை மூலைக்குள் விட்டுத் தோண்ட வேண்டும், நேரம் பிடிக்கும். முகப்பை எப்படியும் வெனீர் மூடப்போகிறதே, சுலபமானதையே வெட்டி மேலே ஒட்டிவிடலாமே என்று தோன்றும். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வால்நட் வெனீர் போட்டவர்களும் அப்படித்தான் செய்தார்கள், அப்புறம் அரை டவ்டெயிலுக்கு மாறிக்கொண்டார்கள். காரணம் எளிது. முகப்புப் பலகை காயும்போது கனத்தில் சுருங்கும், பக்கப்பலகையின் பல்லோ நீளவாக்கில் சுருங்காது. ஆகவே பல்லின் முனை ஒரு மயிரிழை வெளியே தள்ளி நிற்கும். பாலிஷ் ஏறிய முகப்பைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வெனீருக்குக் கீழே பல் வரிசை நிழலாடும். மெல்லிய வெனீர் என்றால் அரை டவ்டெயில் தவிர வேறு வழியில்லை. 2 மில்லி வெனீர் என்றால் முழு டவ்டெயிலை வெட்டி, உள்மரம் நன்றாகக் காய்ந்த நேர்ரேகைப் பலகையாக இருக்கும்வரை, தைரியமாக மேலே ஒட்டலாம். பேண்ட்சாவில் போன நேரம் உளி வேலையில் திரும்பிவிடும்.

திட மரத்தின் மேல் ஒட்டும்போது வெனீரின் ரேகையும் கீழ்ப்பலகையின் ரேகையும் ஒரே திசையில் ஓட வேண்டும், குறுக்கே ஒட்டினால் பலகை அசையும்போது வெனீர் வெடிக்கும். பிளைவுட்டில் மேலடுக்கின் ரேகைக்குக் குறுக்காக ஒட்டுவது நல்லது. எதில் ஒட்டினாலும் பின்பக்கமும் ஒன்று ஒட்டியே ஆக வேண்டும். ஒருபக்கம் மட்டும் ஒட்டிய பலகை காய்ந்ததும் வளைந்துகொள்ளும்.

பசையில் நம் ஆட்களுக்குப் பிடித்தது தடவிக் காயவிட்டுத் தட்டி ஒட்டும் ரப்பர் பசை. வேகம், பிரஸ் வேண்டாம். பிளைவுட் முதுகுள்ள ஷீட்டுக்கு அது போதும். முதுகில்லாத மெல்லிய வெனீருக்கு வேண்டவே வேண்டாம், பசை ரப்பராகவே இருப்பதால் இணைப்புகள் மெல்ல நகரும், மேலே பூசும் லாக்கர் பாலிஷில் கலந்த தின்னர் வெனீர் வழியே இறங்கினால் கொப்புளம் கிளம்பும். வெள்ளைப் பசை தடவி, இருபுறமும் தடித்த பலகை வைத்துக் கிளாம்பில் இறுக்கி ஒரு ராத்திரி விடுவது சின்ன டிராயருக்குத் தாராளம். பழைய ஆசாரிகளின் வச்சிரத்தை (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) சூடாக்கித் தேய்த்து ஒட்டுவதில் ஒரு தனி வசதி, தப்பாக ஒட்டினால் ஈரமும் சூடும் கொடுத்துப் பிரித்துவிடலாம். நாற்றம் பொறுத்துக்கொள்வது உங்கள் பாடு.

டிராயர் ஓட மரச்சட்டமா, இழுக்க இழுக்க நீளும் இரும்பு டெலஸ்கோபிக் சேனலா என்பதையும் பலகை அறுப்பதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். சேனலுக்குப் பக்கத்துக்குச் சுமார் 13 மில்லி விட வேண்டும், அதாவது டிராயர் அகலத்தில் ஒரு அங்குலம் போய்விடும், வெட்டிய டவ்டெயிலின் பாதியை இரும்புப் பட்டை மறைத்தும்விடும். இவ்வளவு சின்னக் கேபினெட்டுக்கு நான் மரச்சட்டத்தில் மெழுகு தேய்த்துத்தான் விடுவேன்.