பின்னிய சட்டகமா, பிரித்த ஓடையா?

கல்லடிப் பாலத்தடியில் வாவியைப் பார்க்கும் கமெரா ஒன்று. திரைக்கு முன்னோட்டம் வேண்டும், சேமிக்க ஜேபெக் (சுருக்கிய படக் கோப்பு) வேண்டும். கமெராவின் சென்சர் இந்த இரண்டையும் எப்படி அனுப்பலாம்?

சாம்சங் எஸ்5சி73எம்3 என்ற சென்சர் இரண்டையும் ஒரே சட்டகத்தில் (ஒரு படத்துக்கான தரவுத் தொகுதியில்) பின்னி அனுப்பும். சோறும் கறியும் ஒரே பார்சலில் வருவதுபோல. முன்னோட்டம் யூவைவிவை வடிவில் வரும், அதாவது புள்ளிக்கு 2 பைட்; 640×480 என்றால் வரி ஒவ்வொன்றும் 1280 பைட். இடையில் வரும் ஜேபெக் துண்டுகளின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும். வரிகள் தொடங்கும் இடங்களைச் சொல்லும் அட்டவணை தரவின் முடிவில் இருக்கும்: 480 பதிவுகள், தலா 4 பைட். அட்டவணை எங்கே என்பதை இரண்டாம் தளத்தின் (சட்டகத்தோடு தனியாக வரும் துணைத் தரவின்) 4084ஆம் பைட்டிலும், அதன் அளவை அடுத்த 4 பைட்டிலும் படிக்கவேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான். எண்கள் எல்லாம் பெரிய-முனை வரிசை, அதாவது மதிப்பு கூடிய பைட் முதலில் வரும். ஆர்ம் செயலி உள்ள பலகை பொதுவாக மறுதலையாகப் படிக்கும்; அதில் பைட்டுகளைத் திருப்பாமல் படித்தால் 1280 என்பது 327680 ஆகிவிடும். இப்படிப் பிழைத்த எண்களால் நிரல் பஃபருக்கு (தரவு வைத்த நினைவிடத்துக்கு) வெளியே போய் விழலாம். யூவைவிவை வரிகளை எடுத்தபின் மிஞ்சிய ஜேபெக் துண்டுகளை ஒட்டி, தொடக்கப் பைட்டுகள் 255, 216 என்றும் முடிவுப் பைட்டுகள் 255, 217 என்றும் இருக்கிறதா பாருங்கள். சட்டகத்தில் முதலில் ஜேபெக்தான் வரும் என்று நம்பவேண்டாம்.

மற்ற வழி, சிஎஸ்ஐ-2 (கமெராவைச் செயலியோடு இணைக்கும் இடைமுகம்) தரும் மெய்நிகர் சனல்களில், அதாவது ஒரே கம்பியில் எண்ணிட்டுப் பிரித்த பாதைகளில், தனித்தனி ஓடை. பிரிக்கும் வேலையைச் செயலிப் பக்கத்து ரிசீவரே செய்யும், சிபியூவுக்குச் சுமையில்லை. ஆனால் ஓர் ஓடையின் வரிசையில் காலியான பஃபர் தீர்ந்தால் அந்த ஓடையின் சட்டகம் மட்டும் தவறிப்போகும். நேரமுத்திரையை ஒப்பிடாமல் சோடி சேர்த்தால் படமும் முன்னோட்டமும் வெவ்வேறு கணத்தவை. பின்னிய முறையில் அந்தத் தொல்லை இல்லை.

ரிசீவர் சனல் பிரிக்குமென்றால் பிரித்த ஓடையே என் தெரிவு.