செட்டிநாட்டு வீட்டில் வெளியேறும் வழி: ஆட்டோகேடா, ரெவிட்டா?

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டை விடுதியாக்க வரைபவர்களுக்கு, அறையிலிருந்து வெளியேறும் வழியின் நீளத்தை ஆட்டோகேடில் (கோடுகளாக வரைபடம் போடும் மென்பொருள்) அளப்பதா, ரெவிட்டில் (கட்டடத்தையே முப்பரிமாண மாடலாக அமைக்கும் மென்பொருள்) அளப்பதா என்ற குழப்பம் வரும்.

வேகம்: ஆட்டோகேடில் வழி நெடுகப் பாலிலைன் (தொடர்கோடு) போட்டு 'லிஸ்ட்' கட்டளை கொடுத்தால் நீளம் கிடைக்கும், அறைக்கு அறை கையால்தான். ரெவிட்டின் 'பாத் ஆஃப் டிராவல்' (நடைவழி கண்டுபிடிக்கும் கருவி, 2020 பதிப்பு முதல்) இரண்டு கிளிக்கில் நீளம், நடக்கும் நேரம் இரண்டும் தரும்.

திருத்தம்: சுவர் நகர்ந்தால் ஆட்டோகேடில் மறுபடி வரையணும். ரெவிட்டிலும் தானாக மாறாது, 'அப்டேட்' அழுத்தணும்.

துல்லியம்: வம்பே இங்கேதான். ரெவிட் போடும் பாதை வளவுத் தூண்களை (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்துத் தூண்கள்) ஒதுங்கிச் சுற்றிப் போகும். ஆனால் நடுவில் தாழ்ந்த முற்றத்தைத் தடையாகவே எடுக்காமல் குறுக்கே கோடு இழுக்கும். நீளம் குறைவாகக் காட்டும். முற்றத்தைச் சுற்றி இடுப்பளவு தடுப்பு ஒன்றை மாடலில் வையுங்கள், எதைத் தடையாக எடுக்கிறது என்று காட்டும் 'ரிவீல் அப்ஸ்டக்கிள்ஸ்' போட்டுச் சரிபாருங்கள். மாடியிலிருந்து இறங்குவதைத் தளம் தளமாக அளந்து, படிக்கட்டைத் தனியே கூட்டுங்கள்.

ஒரே வீடு, நாலைந்து அறை என்றால் ஆட்டோகேட் போதும். முகப்பிலிருந்து பின்தெரு வரை நீளும் வீட்டில் அறைப்பிரிப்பு மாறிக்கொண்டே இருந்தால் ரெவிட்.