பூங்கா ஓரத்துப் பூவுக்குப் பெயர் என்ன? லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட், புத்தகம்: ஓர் ஒப்பீடு

ஐப்பசி மழை ஓய்ந்ததும் சென்னைப் பூங்காக்களின் ஓரங்கள் யாரும் நடாமலே பூத்துவிடுகின்றன. தோட்டக்காரர் வைத்த செம்பருத்தியையும் இட்லிப்பூவையும் சொல்லவில்லை. மூக்குத்திப்பூ, தும்பை, துத்தி, விஷ்ணுகிரந்தி என்று கல்லிடுக்கிலும் வேலியோரத்திலும் தலைகாட்டுபவை. இவற்றுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கைப்பேசியை நீட்டினால் ஒரு பெயர் வந்துவிடும். அந்தப் பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் கேள்வி.

வேகத்தில் கூகுள் லென்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூக்குத்திப்பூ, செங்காந்தள், சங்குப்பூ போன்ற தனி முகவெட்டு உள்ள பூக்களுக்கு அதுவே போதும். சிக்கல் மஞ்சள் கரிசலாங்கண்ணியில் தொடங்குகிறது. சாலை நடுத்திட்டிலும் பூங்காக்களிலும் தரைவிரிப்பாக வளர்க்கிறார்களே, மஞ்சள் பூவும் பளபளப்பான தடித்த இலையுமாக ஒரு கொடி, அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அதுவும் ஒன்று. அதன் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நம்மூர் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை குறுகி நீண்டு, மடல் பிரியாமல் இருக்கும். ஆனால் இணையத்தில் பலர் அமெரிக்கக் கொடியின் படத்தைப் போட்டு ‘மஞ்சள் கரிசலாங்கண்ணி’ என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். இணையப் படங்களோடு பொருத்திப் பார்க்கும் லென்ஸ் அந்தத் தவற்றையும் சேர்த்தே நம் கையில் கொடுத்துவிடும்.

பிளான்ட்நெட் செடிகளுக்கென்றே பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கிய செயலி. இலையா, பூவா, காயா, பட்டையா என்று கேட்டு, ஒரே செடியின் பல படங்களைச் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே லென்ஸைவிட ஒரு படி மேலே வைப்பேன். கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து படமெடுத்தால் அதன் உறவுக்காரச் செடிகள் எல்லாம் ஒரே சாயல்தான். காம்பை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். காய் வழவழப்பாக, சிறு காம்பில் தொங்கினால் நாம் தேடும் கீழாநெல்லி, அதாவது ஃபில்லாந்தஸ் அமாரஸ். காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டு, மேல்தோல் சொரசொரப்பாக, தண்டில் செம்மை ஓடியிருந்தால் அது ஃபில்லாந்தஸ் யூரினேரியா. காய்ப்பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தால்தான் செயலிக்கும் பிடிகிடைக்கும். ஒவ்வொரு பெயருக்கும் அது காட்டும் பொருத்தச் சதவீதத்தை மட்டும் மதிப்பெண்போல் படிக்காதீர்கள். முதல் பெயருக்கும் இரண்டாவதற்கும் இடைவெளி குறைவாக இருந்தால் இன்னொரு படம் தேவை என்று அர்த்தம்.

படத்தைப் பதிவிட்டு மற்றவர்களிடமும் பெயர் கேட்கும் தளமான ஐநேச்சுரலிஸ்ட் நிதானமானது. 2008-ல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் திட்டப்பணியாகப் பிறந்தது. கணினி ஒரு பெயரை முன்மொழியும், பிறகு மனிதர்கள் பார்ப்பார்கள். பெயரிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் இனப்பெயர் ‘ஆய்வுத்தரம்’ பெறும். பதிலே வராமல் கிடக்கும் பதிவுகளும் உண்டு, அவசரக்காரர்களுக்கு ஆகாது. பூங்காவுக்கு இதில் ஒரு தனிப் பயன் இருக்கிறது: நட்டு வளர்த்ததா, தானாக முளைத்ததா என்று குறிக்க வேண்டும். நகரத்தில் பாதிக் குழப்பம் அங்கேதான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, கணக்குத் தொடங்கத் தேவையில்லாத இதன் தம்பிச் செயலி ‘சீக்’ நல்லது.

புத்தகம் என்றால் ஆங்கிலேயத் தாவரவியலாளர் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல், 1915-ல் தொடங்கி 1936-ல் முடிந்தது. இரண்டிரண்டாகக் கேள்வி கேட்டுக்கொண்டே போய் இனத்தில் கொண்டு நிறுத்தும் அதன் திறவுகோல் முறைக்கு ஈடாக எந்தச் செயலியும் இல்லை. ஆனால் 1950-களில் புணே பக்கம் தலைகாட்டி நாடெங்கும் பரவிய பார்த்தீனியத்தை அதில் தேடிப் பயனில்லை. அறிவியல் பெயர்களும் மாறிவிட்டன: ஆவாரம் அதில் காசியா, செயலியில் சென்னா. தவிர, திறவுகோல் பூவைப் பிரித்துப் பார்க்கச் சொல்லும். 1978 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் கிண்டிக் காட்டுக்குள் பூவைப் பறிப்பது சட்டப்படி குற்றம். அங்கே புத்தகக்காரரும் கேமராவைத்தான் நம்ப வேண்டும்.

களையெடுக்கும் அம்மாக்களை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட முடியாது. கடற்கரையோர மணலில் நின்ற மஞ்சள் பூச்செடி ஒன்றை நெருஞ்சி என்றேன். “நெருஞ்சி தரையில படரும் சார், இது ஆனைநெருஞ்சி. தண்ணியில போட்டு ஒரு சுத்து சுத்துங்க” என்றார் ஒருவர். இலையோடு ஒரு கிளையைப் பாட்டில் தண்ணீரில் விட்டுச் சுழற்றினால், சற்று நேரத்தில் தண்ணீர் எண்ணெய்போல் கெட்டியாகி நூலிழுக்கிறது. எந்தக் கேமராவுக்கும் இந்தச் சோதனை தெரியாது.

என் தேர்வு இதுதான்: நடக்கும்போது பிளான்ட்நெட், வீட்டுக்கு வந்ததும் அதே படங்கள் ஐநேச்சுரலிஸ்டுக்கு. லென்ஸ் சட்டென்று ஒரு பெயர் தெரிந்துகொள்ள மட்டும், அதுவும் தனித்துத் தெரியும் பூக்களுக்கு. பூ, இலையின் இரு பக்கம், காய், முழுச்செடி என்று நாலைந்து படம் எடுங்கள். விஷ்ணுகிரந்திக்குக் காலையில் போங்கள், மதியத்துக்குள் மூடிவிடும். துத்தி மாலையில்தான் விரியும். கீழாநெல்லியை அரைத்துக் குடிக்கும் உத்தேசம் இருந்தால் மேலே சொன்ன எந்தச் செயலியும் போதாது. செடியைக் கையில் வாங்கிப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.