மூணாறைச் சுற்றி மூன்று நீர்த்தேக்கச் சாலைகள்: மிதிவண்டிக்கு அமைதியானது எது?

மூணாறிலிருந்து மிதிவண்டியில் நீர்த்தேக்கங்களை நோக்கிப் புறப்படுபவருக்கு மூன்று திசைகள் உண்டு. மாட்டுப்பெட்டி, குண்டளை அணைகளைக் கடந்து டாப் ஸ்டேஷனுக்கும் வட்டவடைக்கும் செல்லும் சாலை ஒன்று. தேவிகுளம் வழியாக ஆனையிறங்கல் அணைக்கும் போடிமெட்டுக்கும் செல்லும் தேசிய நெடுஞ்சாலை மற்றொன்று. மறையூர், சின்னாறு வழியாக அமராவதி அணைப் பக்கம் இறங்கும் உடுமலைச் சாலை மூன்றாவது. மூன்றிலும் மலையும் தேயிலையும் நீரும் உண்டு. வழியெங்கும் தமிழ் பேசும் தோட்டக் குடியிருப்புகள் இருப்பதால், சங்கிலி அறுந்து நின்றாலும் உதவி கேட்க மொழி தடையாக இராது. ஆயினும் அமைதியாக மிதிப்பதற்கு எது ஏற்றது என்று கேட்டால், மூன்றையும் ஒரே தட்டில் வைக்க இயலாது.

அமைதி என்று நான் இங்கே குறிப்பது, ஒரு வண்டி கடந்து சென்ற பின் அடுத்த வண்டியின் ஒலி கேட்கும் வரை கிடைக்கும் இடைவெளியைத்தான். அந்த இடைவெளி சாலையைப் பொறுத்தது என்பதைவிட, எந்த வேளையில் எந்தத் துண்டில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு சாலையையும் முழுதாக எடை போடாமல், துண்டு துண்டாகவே பார்க்க வேண்டும்.

முதலில் குண்டளைச் சாலை. மூணாறு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாட்டுப்பெட்டி அணை ஏறத்தாழ 1,700 மீட்டரில் இருக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் சராசரிச் சரிவு நூற்றுக்கு இரண்டைக்கூட எட்டாது. இடையிடையே மூச்சு வாங்கும் சிறு ஏற்றங்கள் உண்டு என்றாலும், மலைச் சாலைக்குப் புதியவர்கூட இறங்கித் தள்ளாமல் போய்ச் சேரலாம். 1902இல் இந்தப் பள்ளத்தாக்கில் காளைகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது; 1908இல் அது குறுகிய ரயில் பாதையாக மாறியது; 1924ஆம் ஆண்டு வெள்ளம், மலையாள ஆண்டு 1099 என்பதால் தொண்ணூற்றொன்பது வெள்ளம் எனப்படுவது, அதை முற்றாக அழித்தது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் இறங்கிப் போடியை அடைந்தன. ரயில் ஏறிய பள்ளத்தாக்கு இது என்பதை இன்றும் மிதிக்கும் கால்கள் உணரும்.

மாட்டுப்பெட்டி அணை 1953இலும் குண்டளை அணை 1946இலும் முடிக்கப்பட்டன. 1940இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் மின் நிலையத்துக்காகவே இரண்டும் நீரைத் தேக்குகின்றன. மாட்டுப்பெட்டிக் கரையிலும் அதை அடுத்த எக்கோ பாயிண்டிலும் விடுமுறை நாட்களில் படகுக்கும் படத்துக்கும் நிற்கும் வண்டிகளின் வரிசையைக் கடப்பதே பெரும்பாடு. அங்கே அமைதியை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாந்துதான் திரும்புவார். ஆனால் வார நாளில் காலை ஏழு மணிக்கு மூணாறை விட்டால், எக்கோ பாயிண்டுக் கடைகள் தார்ப்பாயை விலக்கும் முன்பே குண்டளையை எட்டிவிடலாம். குண்டளையிலிருந்து எல்லப்பட்டி வரை உள்ள துண்டைத்தான், இந்த மூன்று சாலைகளிலும் மிக அமைதியானது என்று நான் கருதுகிறேன். ஒரு புறம் கொழுந்து பறிப்பவர்களின் பேச்சும், மறுபுறம் ஓடையின் சலசலப்பும் காதில் விழும் அளவுக்கு அங்கே வண்டிகள் குறைவு. மூணாறிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீட்டரில் டாப் ஸ்டேஷன் வருகிறது. மேகம் விலகியிருந்தால் தேனி மாவட்டச் சமவெளி கீழே விரிந்து கிடக்கும்.

அதற்கு அப்பால் சாலை பாம்பாடும் சோலைத் தேசியப் பூங்காவுக்குள் நுழைகிறது. கேரளத்தின் தேசியப் பூங்காக்களில் மிகச் சிறியது இது, பரப்பு 1.32 சதுர கிலோமீட்டர்தான். சோலைக்காட்டின் இருட்டு சட்டென்று சூழும்போது வெப்பம் குறைவதைத் தோல் உணரும். வனத்துறைச் சாவடியில் மிதிவண்டியை அனுமதிப்பார்களா, எத்தனை மணி வரை திரும்பலாம் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்த பின்பே இதற்குள் செல்ல வேண்டும். காட்டினுள் நிற்பதும் கூடாது. அதைத் தாண்டினால் பூண்டும் கேரட்டும் விளையும் படிவயல்களுக்கு நடுவே கோவிலூரும் வட்டவடையும் வருகின்றன. போகும்போது இறக்கமாக இனித்த அந்தக் கடைசித் துண்டு, திரும்பும்போது ஏற்றமாகக் காத்திருக்கும். ஒரே நாளில் மூணாறு திரும்ப நினைப்பவர் டாப் ஸ்டேஷனிலேயே திரும்பிவிடுவது நல்லது; வட்டவடைக்குச் செல்பவர் அங்கே இரவு தங்கட்டும்.

ஆனையிறங்கல் சாலையின் கதை வேறு. தேவிகுளம் வரை ஏறி, கேப் ரோட்டின் பாறை விளிம்பில் திரும்பியதும், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்திலுள்ள அணையை நோக்கி நீண்ட இறக்கம் தொடங்குகிறது. சாலை அகலப்படுத்தப்பட்டுள்ளதால் சக்கரத்துக்கு மென்மையான பரப்பு இதுதான். அதே காரணத்தால் வண்டிகள் விரைவதும் இங்கேதான். 2019, 2020ஆம் ஆண்டுகளில் கேப் ரோட்டில் மீண்டும் மீண்டும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மழை பிடித்த நாளில் அந்தப் பாறைச் சுவரின் அடியில் மிதிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களோடு புதைந்த 70 பேரை நினைக்கும் எவருக்கும், இந்த மலையில் ஆடி மழை விளையாட்டல்ல என்பது தெரியும்.

ஆனையிறங்கல் என்ற பெயரிலேயே யானை நீருக்கு இறங்கும் இடம் என்ற பொருள் இருக்கிறது. பன்னியாற்றின் குறுக்கே எழுப்பப்பட்ட இந்த மண் அணையின் கரைகளில் யானைகள் நீர் அருந்துவதும், நீர்த்தேக்கத்தை நீந்திக் கடப்பதும் வழக்கம். சின்னக்கானல் பகுதியில் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டார்கள். அது கம்பம் நகருக்குள் நுழைந்த பின், அதே ஆண்டு ஜூனில் தமிழ்நாடு வனத்துறை மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு சென்றது. ஒரு யானை போனதால் வழித்தடம் வெறுமையாகிவிடவில்லை. இச்சாலையின் அடிப்படைச் சிக்கலும் இதுவே: இங்கே வண்டிகள் குறைந்திருக்கும் விடியலும் அந்தியும் யானைகள் நடமாடும் வேளைகள். மாட்டுப்பெட்டிப் புல்வெளியிலும் யானை வரும் என்றாலும், அங்கே திறந்த வெளியில் தொலைவிலேயே கண்ணில் படும். இங்கே வளைவைத் தாண்டியதும் எதிரில் நிற்கக்கூடும். ஆகவே காலை எட்டு மணிக்கு மேல், தோட்டத்துக்காரர்களிடம் விசாரித்துவிட்டுச் செல்ல வேண்டும். யானை நிற்கிறது என்று கேள்விப்பட்டால் அங்கேயே காத்திருந்து, பேருந்தோ ஜீப்போ கடந்த பின் புறப்பட வேண்டும்.

போடியிலிருந்து ஏறி வருவதும் இதே சாலையைச் சேர்ந்ததுதான். 2023 ஜூனில் அகல ரயில் பாதையில் போடிக்கு ரயில் மீண்டும் வரத் தொடங்கியதால், மதுரைக்காரருக்கு மலையடிவாரம் வரை வருவது எளிதாகிவிட்டது. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். பழகிய கால்களுக்கு இது மறக்க முடியாத ஏற்றம். ஆனால் விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்குப் பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலே விரைகின்றன. மாலையில் அவையே கீழே இறங்குகின்றன. அவர்களுக்கு அது கூலி நேரம். வழிவிட்டு ஓரத்தில் நிற்க வேண்டியவர் நாம். காலை எட்டரைக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில் ஏறுவதே சரி. வெயில் உறைக்கும் என்பதால் நீர் கூடுதலாக வேண்டும்.

மறையூர்ச் சாலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாயில் வரை நெரிசல், அதற்கு அப்பால் வாகுவாரை, தலையார்த் தோட்டங்கள் வழியாக அழகிய இறக்கம். வரையாடுகள் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா மூடப்படுவதால் அந்தத் தொடக்க நெரிசலும் குறைந்துவிடுகிறது. 40 கிலோமீட்டரில் வரும் மறையூர் மழை மறைவுப் பகுதி என்பதால், மூணாறு நனையும் நாளிலும் அங்கே பெரும்பாலும் சாலை உலர்ந்திருக்கும். சந்தனக்காடும், கரும்புப் பாகு காய்ச்சும் வெல்லக் கொட்டகைகளும், பாறை மேட்டில் முனியறை எனப்படும் பழங்காலக் கற்பலகை அறைகளும் நின்று பார்க்க வேண்டியவை. ஆனால் நீர்த்தேக்கத்துக்காக மட்டும் வருபவருக்கு இது பொருந்தாது. அமராவதி அணை வெகு தொலைவில், வெப்பம் மிகுந்த அடிவாரத்தில் இருக்கிறது. இடையில் சின்னாறு சரணாலயமும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் குறுக்கிடுவதால், நேரக் கட்டுப்பாட்டைச் சாவடியில் கேட்காமல் போகக் கூடாது. முதன்முறை இதில் இறங்கியபோது நான் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்ததால், சக்கர விளிம்பு சூடேறிப் பின்சக்கர டியூப் வெடித்தது. முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அழுத்தி, இடையிடையே நின்று ஆறவிட வேண்டும் என்று அன்று கற்றேன்.

முன் பல்சக்கரத்தின் பற்களும் பின்னுள்ள பெரிய பல்சக்கரத்தின் பற்களும் எண்ணிக்கையில் சமமாக அமைந்து, ஏற்றத்தில் மிதிப்பதை இலகுவாக்கும் கியர் இல்லாதவர், போடி ஏற்றத்தையும் மறையூரிலிருந்து திரும்பும் ஏற்றத்தையும் தவிர்த்துவிடலாம். குண்டளைச் சாலைக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. முதன்முறை வருபவரை நான் அனுப்புவதும் அங்கேதான்: ஜனவரியில், வார நாளில், கையுறையோடு ஏழு மணிக்குக் கிளம்பி, எல்லப்பட்டியில் ஒரு கட்டன் (பாலில்லாத தேநீர்) குடித்து, டாப் ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு, வண்டிகள் எதிரே வரத் தொடங்கும் முன் மாட்டுப்பெட்டியைத் தாண்டித் திரும்பிவிடட்டும். இரண்டாம் முறை வரும்போது போடியில் ரயிலிறங்கி ஏறி வரட்டும்.