கென்டக்கியின் முன்னே இரண்டு வழிகள்: தலைமைப் பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

2024 மார்ச் 21 அன்று பிட்ஸ்பர்க் அரங்கில் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியைத் தடுமாற வைத்தவர் ஜாக் கோல்கி. இரண்டாம் பிரிவுக் கல்லூரியான ஹில்ஸ்டேலில் ஆடிவிட்டு, பட்டப்படிப்பை முடித்த கையோடு மிச்சிகன் மாநிலத்தின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். அன்றைய ஆட்டத்தின் ஓட்டத்தில் அவர் கூடையை நோக்கி எறிந்தது 20 முறை. இருபதும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து. 10 உள்ளே விழுந்தன. எதிரே கென்டக்கியில் ரீட் ஷெப்பர்டும் ராப் டில்லிங்ஹாமும் இருந்தார்கள். மூன்றே மாதத்தில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வீரர் தேர்வில் ஒருவர் மூன்றாவதாகவும் மற்றவர் எட்டாவதாகவும் எடுக்கப்படவிருந்தார்கள். அந்த ஷெப்பர்ட் அன்று சேர்த்தது 3 புள்ளிகள். ஆண்டுதோறும் மார்ச்சில் நடக்கும் தேசியக் கல்லூரித் தொடர் அது; தோற்ற அணி உடனே வெளியேற வேண்டும். தொடக்கத்தில் அணிகளுக்குத் தரவரிசை நிலை தரப்படும்; எண் சிறியதானால் அணி வலுவானது. 14ஆம் நிலை பெற்ற ஓக்லாந்து, 3ஆம் நிலை பெற்ற கென்டக்கியை 80-76 என்று வென்று தொடரிலிருந்து வெளியேற்றியது.

அன்றிரவே கென்டக்கி பல்கலைக்கழகம் இருக்கும் லெக்சிங்டன் நகரில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: தலைமைப் பயிற்சியாளர் ஜான் காலிபாரியை இன்னும் வைத்துக்கொள்வதா, மாற்றிவிடுவதா? இரண்டு பக்கத்துக்கும் வலுவான வாதங்கள் இருந்தன. ஆனால் பெரும்பாலோர் இரண்டையும் பழைய காலத்துத் தராசில் வைத்துத்தான் நிறுத்துப் பார்த்தார்கள் என்பது என் எண்ணம்.

வைத்துக்கொள்ளலாம் என்போர் முதலில் காட்டியது அவருடைய கணக்கு. 2009இல் பொறுப்பேற்றவர் கென்டக்கியில் 410 வெற்றிகளும் 123 தோல்விகளும் கண்டவர். 2012இல் அந்தோணி டேவிஸை வைத்துக்கொண்டு தேசியப் பட்டம் வென்றவர். 2011, 2012, 2014, 2015 என நான்கு முறை தொடரின் கடைசி நான்கு அணிகளுக்குள் கென்டக்கியை நிறுத்தியவர். 2015இல் 38 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற பிறகே விஸ்கான்சினிடம் தோற்றார். மாற்ற வேண்டும் என்போர் காட்டியதும் அவருடைய கணக்கைத்தான், ஆனால் பின்பகுதியை: 2020-21 பருவத்தில் 9 வெற்றி, 16 தோல்வி, 2022இல் 15ஆம் நிலை பெற்ற செயின்ட் பீட்டர்ஸிடம் முதல் சுற்றிலேயே தோல்வி, 2023இல் ஒரே ஒரு வெற்றிக்குப் பிறகு கான்சஸ் ஸ்டேட்டிடம் தோல்வி, இப்போது ஓக்லாந்து. நான்கு பருவங்களில் மார்ச் தொடரில் கிடைத்த வெற்றி ஒன்று. எட்டு தேசியப் பட்டங்கள் பெற்ற பல்கலைக்கழகத்துக்கு இது பொறுக்கக்கூடிய கணக்கு அல்ல.

பொறுமைக்கு ஆதரவாக எப்போதும் எடுத்துக்காட்டப்படும் பெயர் மைக் சிஷெவ்ஸ்கி. 1980இல் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்தவருக்கு முதல் மூன்று பருவங்களின் கூட்டுக் கணக்கு 38 வெற்றி, 47 தோல்வி. அப்போதே அனுப்பியிருந்தால் பின்னால் வந்த ஐந்து பட்டங்களும் இல்லை. இந்த எடுத்துக்காட்டு உண்மைதான். ஆனால் அதில் யாருக்காகப் பொறுத்திருந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 1982இல் ஜானி டாக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பிலாஸ் ஆகியோர் சேர்ந்தார்கள், முதலாண்டில் அடிவாங்கினார்கள், அதே வீரர்கள் நான்காம் ஆண்டான 1986இல் இறுதிப்போட்டி வரை போய் லூயிவில்லிடம் 72-69 என்று தோற்றார்கள். டியூக் நிர்வாகம் பொறுத்திருந்தது பயிற்சியாளருக்காக மட்டுமல்ல, அவரிடம் வளர்ந்துகொண்டிருந்த பையன்களுக்காகவும்.

அண்மைக்கால எடுத்துக்காட்டுகளிலும் இதே கதைதான். 2018இல் வர்ஜீனியா பல்கலைக்கழகம் 31 வெற்றி, 2 தோல்வியுடன் முதல் நிலை பெற்றுத் தொடருக்குள் வந்து, 16ஆம் நிலை பெற்ற, மேரிலாந்து மாநிலத்தின் யூ.எம்.பி.சி. பல்கலைக்கழகத்திடம் 74-54 என்று மண்ணைக் கவ்வியது. அதுவரை ஆண்கள் தொடரில் முதல் நிலை அணிகள் 16ஆம் நிலை அணிகளை 135 முறை சந்தித்து ஒருமுறைகூடத் தோற்றதில்லை. டோனி பென்னெட்டை வர்ஜீனியா அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு அதே கைல் கையும் டை ஜெரோமும் திரும்பி வந்தார்கள், யூ.எம்.பி.சி. ஆட்டத்தில் மணிக்கட்டுக் காயத்தால் ஆடாத டிஆண்ட்ரே ஹன்டரும் வந்தார். இறுதிப்போட்டியில் ஹன்டர் 27 புள்ளிகள் சேர்க்க, டெக்சஸ் டெக்கை 85-77 என்று வென்று பட்டம் வந்தது. பர்டியூ இன்னும் கடுமையான சோதனை. மேட் பெய்ன்டரின் அணி 2021இல் 13ஆம் நிலை, 2022இல் 15ஆம் நிலை, 2023இல் 16ஆம் நிலை அணியிடம் வரிசையாகத் தோற்றது. எந்த ஊரிலும் இதற்கு மேல் ஒரு பயிற்சியாளரைத் தாங்கிப் பிடிப்பது கடினம். ஆனால் ஏழடி நான்கங்குல உயரமுள்ள ஜாக் ஈடியும், முதலாண்டில் நெருக்கடிக்குள் தடுமாறிய பிரேடன் ஸ்மித், ஃபிளெட்சர் லோயர் இருவரும் திரும்பி வந்தார்கள்; பந்தை முன்னெடுத்துச் செல்ல சதர்ன் இல்லினாய்ஸிலிருந்து லான்ஸ் ஜோன்ஸ் கூடுதலாக வந்தார்; 2024இல் பர்டியூ இறுதிப்போட்டியில் ஆடியது.

இந்த இரண்டையும் கென்டக்கியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரிகிறது. ஓக்லாந்திடம் தோற்ற அணியில் யார் திரும்பி வரப்போகிறார்கள்? ஷெப்பர்டும் டில்லிங்ஹாமும் என்.பி.ஏ.வுக்குப் போகிறார்கள். அன்று 27 புள்ளிகள் சேர்த்த அன்டோனியோ ரீவ்ஸின் கல்லூரி ஆட்டக்காலம் முடிந்துவிட்டது. உயர்நிலைப் பள்ளியில் நாட்டிலேயே சிறந்த பையன்களைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு ஆடவைத்து, என்.பி.ஏ.வுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு புதிய கூட்டத்துடன் தொடங்குவதுதான் காலிபாரியின் முறை. ஜான் வால் காலத்திலும் அந்தோணி டேவிஸ் காலத்திலும் அது அற்புதமாக வேலை செய்தது. பெருந்தொற்றால் வீரர்களுக்குக் கூடுதலாக ஓராண்டு கிடைத்து, 2021இல் ஓராண்டு காத்திருக்காமலே கல்லூரி மாறலாம் என்று விதி தளர்ந்து, அதே ஆண்டு ஜூலை முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்றும் ஆனபோது, எதிரணிகளில் உடல் முற்றிய, ஆட்டம் பழகிய மூத்தவர்கள் நிறைந்துவிட்டார்கள். கோல்கி அவர்களில் ஒருவர்தான். ஆகவே காலிபாரியை வைத்துக்கொள்வது என்றால் காலிபாரியை மட்டும் வைத்துக்கொள்வது. தோல்வியில் பாடம் படித்த அணி எதுவும் அவரோடு சேர்ந்து வராது. பொறுமையின் பெரும்பகுதிப் பலன் இங்கே முதலிலேயே கழிந்துவிடுகிறது.

மாற்றுவதிலும் ஆபத்து குறைவில்லை. கென்டக்கிக்கே அது சொந்த அனுபவம். 1998இல் பட்டம் வென்ற டப்பி ஸ்மித் பின்னாளில் போதவில்லை என்று ஊர் முணுமுணுத்தது. 2007இல் அவர் மினசோட்டாவுக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்த பில்லி கில்லிஸ்பி இரண்டே ஆண்டில் நீக்கப்பட்டார். இந்தியானா பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் நீளம். மூன்று பட்டங்கள் பெற்றுத் தந்த பாப் நைட்டை 2000இல் நீக்கிய பிறகு மைக் டேவிஸ், கெல்வின் சாம்ப்சன், டாம் கிரீன், ஆர்ச்சி மில்லர், மைக் உட்சன், டேரியன் டிவ்ரீஸ் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். நைட் 1987இல் வென்றதற்குப் பிறகு பட்டம் மட்டும் வரவில்லை. விதிமீறல் புகாரில் 2008இல் இந்தியானா கைவிட்ட சாம்ப்சன், ஹூஸ்டன் பல்கலைக்கழக அணியை 2025 இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார் என்பது இந்தியானாக்காரர்களுக்குக் கேட்கப் பிடிக்காத தகவல்.

ஆனால் மாற்றத்துக்கான செலவும் காலத்தோடு மாறியிருக்கிறது. சாம்ப்சன் விட்டுப்போன சிதைவிலிருந்து தொடங்கிய டாம் கிரீனுக்கு முதல் பருவத்தில் கிடைத்தது 6 வெற்றி, 25 தோல்வி. இரண்டாம், மூன்றாம் பருவங்களிலும் தோல்விகளே மிகுதி. நான்காவதில்தான் அணி நிமிர்ந்தது. பள்ளியிலிருந்து பையன்களைக் கொண்டுவந்து வளர்ப்பதைத் தவிர அன்று வேறு வழி அதிகம் இல்லை. இன்று புதிதாக வரும் பயிற்சியாளர் ஒரே கோடையில் பிற கல்லூரிகளிலிருந்து முழு அணியையும் திரட்டிவிடலாம். பொறுத்திருப்பதன் இலாபம் குறைந்திருக்கும் அதே காலத்தில் மாற்றுவதன் நட்டமும் குறைந்திருக்கிறது.

எஞ்சியிருந்தது பணம். 2019இல் காலிபாரியுடன் செய்துகொண்ட பத்தாண்டு ஒப்பந்தத்தின்படி, 2024 வசந்தத்தில் அவரை நீக்கினால் ஏறத்தாழ 3.3 கோடி டாலர் கொடுத்தாக வேண்டும். என் தீர்ப்பு இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஆட்டத்தை மட்டும் பார்த்தால் மாற்றுவதே சரி. இந்தத் தொகையைக் கையில் எடுத்துக் கொடுத்து மாற்ற வேண்டும் என்றால், மூத்த வீரர்களைச் சேர்க்கும் முறைக்கு மாறுவதாக அவரிடம் உறுதி பெற்றுக்கொண்டு இன்னும் ஓராண்டு வைத்திருப்பதே மேல். அந்தப் பணத்தில் எத்தனை வீரர்களைக் கொண்டுவரலாம் என்று நினைத்துப் பார்த்தால் போதும். விளையாட்டுத்துறை இயக்குநர் மிட்ச் பார்ன்ஹார்ட்டும் அவரே தொடர்வார் என்றுதான் முதலில் அறிவித்தார். ஆனால் ஏப்ரல் தொடக்கத்தில் காலிபாரி தாமாகவே ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார். விலகுவதற்காக அவருக்குக் கென்டக்கி எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கத்தாரும் வாதாடிக்கொண்டிருக்க, யாரும் கணக்கில் சேர்க்காத மூன்றாவது வழி முடிவைச் சொல்லிவிட்டது.

அடுத்து யார் என்பதில் பெரிய பெயர்கள் கைக்கு வரவில்லை. பேய்லரில் பட்டம் வென்ற ஸ்காட் ட்ரூ மறுத்துவிட்டார். கனெக்டிகட்டின் டான் ஹர்லி தம் இடத்தைவிட்டு அசையவில்லை. ஏப்ரல் 12 அன்று அறிவிக்கப்பட்ட பெயர் மார்க் போப். 1996இல் பட்டம் வென்ற கென்டக்கி அணியின் தலைவர்களில் ஒருவர். ஆனால் பயிற்சியாளராக பிரிகம் யங் பல்கலைக்கழகத்தை மார்ச் தொடருக்கு இரண்டு முறை கொண்டுவந்து, இரண்டு முறையும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியவர். 410 வெற்றிக்காரருக்குப் பதில் மார்ச்சில் ஒரு வெற்றிகூட இல்லாதவரா என்று முதலில் பலர் முகம் சுளித்தார்கள். அவரை அறிமுகப்படுத்திய நாளில் கென்டக்கியின் சொந்த ஆடுகளமான ரப் அரங்கு நிரம்பி வழிந்தது என்பது வேறு கதை. அந்த ஊரில் பழைய வீரனுக்கு உள்ள மதிப்பு அப்படி.

இத்தகைய முடிவுகளில் மற்ற வழி என்ன ஆகியிருக்கும் என்பதைப் பார்க்கும் வாய்ப்பு பொதுவாகக் கிடைப்பதில்லை. இங்கே பழைய பயிற்சியாளர் காலிபாரி, கென்டக்கி ஆடும் அதே லீக்கில் வேறு சட்டை போட்டுக்கொண்டு ஆட்டம் நடத்தியதால், 2024-25 பருவம் ஓரளவு அந்த வாய்ப்பைத் தந்தது. போப், முந்தைய ஆண்டின் உதவித்தொகை வீரர் ஒருவர்கூட இல்லாமல் தொடங்கினார். சான் டியேகோ ஸ்டேட்டிலிருந்து லமான்ட் பட்லர், ட்ரெக்செலிலிருந்து அமாரி வில்லியம்ஸ், வேக் ஃபாரஸ்டிலிருந்து ஆண்ட்ரூ கார், டேட்டனிலிருந்து கோபி பிரேயா, ஓக்லஹோமாவிலிருந்து ஒடேகா ஓவே என்று மூத்தவர்களாகச் சேர்த்தார். நவம்பரில் டியூக்கை 77-72 என்று வென்றார். காயங்கள் துரத்திய பருவத்தை 24 வெற்றி, 12 தோல்வியுடன் முடித்து, தொடரின் கடைசி 16 அணிகளில் ஒன்றாகி, டென்னஸீயிடம் தோற்றார். காலிபாரி கென்டக்கியிலிருந்து மூன்று வீரர்களைக் கூடவே அழைத்துப்போனார். லீக் ஆட்டங்களின் தொடக்கத்தில் தோல்விமேல் தோல்வி கண்டாலும், பிப்ரவரி 1 அன்று ரப் அரங்குக்கே வந்து 89-79 என்று வென்றார். 10ஆம் நிலை பெற்றுத் தொடருக்குள் நுழைந்து, கான்சஸையும் பயிற்சியாளர் ரிக் பிட்டினோவின் செயின்ட் ஜான்ஸையும் வீழ்த்தி, அவரும் கடைசி 16 வரை வந்து, டெக்சஸ் டெக்கிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்.

கடைசி வரியை மட்டும் படித்தால் இரண்டும் சமம். பருவம் முழுதும் பார்த்தால் 3ஆம் நிலை பெற்ற போப்புக்கு ஒரு படி மேல் இடம் தருவேன். லெக்சிங்டனில் தளர்ந்திருந்த மனிதர் இடம் மாறியதும் மார்ச்சில் மறுபடி விறைத்து நின்றதையும் ஒப்புக்கொள்வேன். ஆனால் டென்னஸீ ஆட்டம் முடிந்தபோது பட்லர், வில்லியம்ஸ், கார், பிரேயா எல்லோருக்கும் கல்லூரி ஆட்டக்காலம் முடிந்திருந்தது. தொடக்க ஐவரில் ஓவே மட்டுமே திரும்பி வரும் நிலையில் இருந்தார். போப் அடுத்த ஏப்ரலிலும் தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய முதலிலிருந்தே அணி திரட்ட உட்கார வேண்டியிருந்தது.