பாய் கடைப் பிரியாணியும் 'ஹோர்ட்'டும்

வேலூர் லாங்கு பஜார் பக்கம், பெயர்ப்பலகை மங்கிப்போன சின்னக் கடை. வெள்ளிக்கிழமை மதியம் 40 நிமிஷம் நின்றேன். "என்னப்பா இது, ஒரு ஹோர்டே நிக்குது!" என்று மகள் முனகினாள். ஹோர்ட் (horde) என்றால் ஆங்கிலத்தில் பெருங்கூட்டம். கல்லாவில் பாய் உருதுவில் டோக்கன் எண்ணைக் கூவிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹோர்டும் உருதுவும் ஒரே வேர்! துருக்கிய 'ஒர்து' என்றால் படைமுகாம். போலந்து வழியாக மேற்கே போனபோது முன்னால் ஒரு 'ஹ' ஒட்டிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நாடோடிக் கூட்டமாக நுழைந்து, பிற்பாடு எந்தக் கும்பலுக்கும் பெயரானது. இந்தப் பக்கம் முகாமின் பேச்சு ஒரு மொழிக்கே பெயராகிவிட்டது.

பிரியாணியா? சீரகச் சம்பா உதிரி உதிரியாக, கறி பஞ்சு. கத்திரிக்காயில் புளி தூக்கல். தயிர்ப்பச்சடி இரண்டாம் முறை கேட்டால் முறைக்கிறார்கள். பார்சல் என்றால் 12 மணிக்கே போய்விடுங்கள்.